எண்ணுக்குள் நோய் – 14: மார்க்ஸின் கட்டிக்கு என்ன எண்?

போன வாரம் ‘எல்02’ வரை வந்தோம். நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி-10 பட்டியலில் தோல் கட்டிகளுக்கான அறை. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கட்டியைக் கீறுவதற்கான எண்களைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குறுக்கே கார்ல் மார்க்ஸ் வந்து நின்றுவிட்டார். பாவம், உட்கார முடியாதபடி பின்புறத்தில் கட்டி.

‘மூலதனம்’ முதல் பாகம் 1867இல் வெளிவந்தது. அதை எழுதிய காலத்தில் அக்குள், தொடையிடுக்கு, பின்புறம் என்று மாறி மாறிக் கட்டி. ஒருமுறை சவரக்கத்தியை எடுத்துத் தானே கீறிக்கொண்டார். ஏங்கெல்ஸுக்கு எழுதிய கடிதங்களில் பொருளாதாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டியும் இருக்கும்.

மருத்துவர் எழுதிய சார்ட்டைப் படித்து நோய்க்கு எண் போடுவது என் வேலை. மார்க்ஸின் சார்ட் என் மேசைக்கு வந்தால்? ஒரே மயிர்க்காலில் வந்தது ‘ஃபியூரங்கிள்’. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் அடியில் ஒன்றாகி, பல கண் வைத்துச் சீழ் வடிந்தால் ‘கார்பங்கிள்’. நம் பாட்டிமார் ராஜபிளவை என்றது இதைத்தான். மயிர்க்கால் கணக்கில்லாமல் சீழ் தேங்கிய குழி ‘ஆப்செஸ்’. உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில், பின்புறத்தில் வந்தால் மூன்றுக்கும் ஒரே எண், எல்02.3. சென்னையில் உட்கார்ந்து நாங்கள் பார்க்கும் அமெரிக்கப் பதிப்போ இன்னோர் இலக்கம் சேர்த்து 31, 32, 33 என்று பிரிக்கிறது. அக்குள் என்றால் வலதுக்கு ஓர் எண், இடதுக்கு ஓர் எண். பின்புறத்துக்கு அந்த மரியாதை இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும்.

என்னைத் தூங்கவிடாத செய்தி இனிமேல்தான். சாம் ஷூஸ்டர் என்ற தோல் மருத்துவர் மார்க்ஸின் கடிதங்களைப் படித்துவிட்டு, 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்: அது சாதாரணக் கட்டியே அல்ல, ‘ஹைட்ராடினைட்டிஸ் சப்புரேட்டிவா’. மயிர்க்கால் அடைபட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்ப வந்து, தழும்பும் தோலுக்கடியில் சுரங்கமும் விட்டுப்போகும் நாள்பட்ட நோய். கீறிவிட்டால் தீராது. எண் எல்73.2. அதாவது மார்க்ஸ் தொற்று வரிசையிலிருந்து எழுந்து மயிர்க்கால் கோளாறு வரிசைக்குப் போகிறார்!

அப்படியானால் எல்73.2 போட்டுவிடலாமா? கூடாது. என்னிடம் பயின்ற பையன் ஒருவன், ‘அக்குள் கட்டி, நான்காம் முறை’ என்ற குறிப்பைப் பார்த்துத் தானாகவே அந்த எண்ணைப் போட்டுவிட்டான். ஆடிட்டில் பிழை விழுந்தது.

“சார், பார்த்தாலே தெரியுதே சார்!”

“உனக்குத் தெரியுதுடா. டாக்டர் எழுதலையே.”

புறநோயாளி சார்ட்டில் டாக்டரே ‘இருக்கலாம்’ என்று எழுதினாலும் அந்த நோய்க்கு எண் கிடையாது. சந்தேகம் வந்தால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம். அவ்வளவுதான் நம் எல்லை.

இடம் தீர்ந்துவிட்டது. கீறும் எண்கள் 10060, 10061 அடுத்த வாரம், நிச்சயமாக. கட்டி உள்ளவர்கள் அதுவரை பிதுக்கவும் வேண்டாம், மார்க்ஸைப் போலக் கத்தி எடுக்கவும் வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.