எந்தப் போன் நல்ல போன்?

காலை எட்டு மணி. ஓசூர் பஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் வந்து நிற்கிறது. 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழில் நகரம் இது. கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் இறங்குகிறார்கள். காவல் வேலை, துப்புரவு வேலை, கேண்டீன் வேலை பார்ப்பவர்களும் இறங்குகிறார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

கேண்டீனில் பாத்திரம் கழுவும் ஓர் அம்மா. மாதச் சம்பளம் 16,000 ரூபாய். மகன் கல்லூரியில் படிக்கிறான். "ஐபோன் வாங்கிக் கொடும்மா" என்கிறான். "சாம்சங்தான் உசத்தி" என்கிறான் அவன் நண்பன். அம்மா யாருடைய பேச்சைக் கேட்பது?

வாருங்கள், நாமே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விலை: ஐபோன் 15 இந்தியாவில் 2023-ல் வந்தது. அப்போது விலை 79,900 ரூபாய். சாம்சங் கேலக்சி எஸ்24 2024-ல் வந்தது. அப்போது விலை 79,999 ரூபாய். வித்தியாசம் 99 ரூபாய்தான்!

எங்கே செய்கிறார்கள்? ஐபோன் 15 நம் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரானது. கேலக்சி எஸ்24 டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் தயாரானது. இரண்டிலும் நம் நாட்டுத் தொழிலாளர் உழைப்பு இருக்கிறது.

படம்: சாம்சங்கில் தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டத் தனி லென்ஸ் உண்டு. ஐபோன் 15-ல் அது இல்லை. மேடையில் ஆடும் குழந்தையைத் தூரத்திலிருந்து எடுக்க அது உதவும். வீட்டில் எடுக்கும் படம் இரண்டிலும் நன்றாகவே வரும்.

தண்ணீர்: இரண்டுமே அரை மணி நேரம் தண்ணீரைத் தாங்கும் என்கிறார்கள். ஐபோன் 6 மீட்டர் ஆழம் வரை. சாம்சங் ஒன்றரை மீட்டர் வரை. ஆனால் இது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. சோப்புத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் பொருந்தாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் கிடையாது.

ஆயுள்: போனுக்குள் இருக்கும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடர்கள் எளிதில் உள்ளே நுழைவார்கள். எஸ்24-க்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்போம் என்று சாம்சங் சொன்னது. ஆப்பிள் 2018-ல் விற்ற போனுக்கு 2024-லும் புதிய மென்பொருள் கொடுத்தது. இதில் இரண்டுமே நல்லவை.

இல்லாதவை: இரண்டிலும் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. ஒயர் மட்டும்தான். மெமரி கார்டு போட இடமும் இல்லை.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். டீக்கடையில் யுபிஐ மூலம் பத்து ரூபாய் அனுப்ப வேண்டும். ஊருக்குப் பேச வேண்டும். தமிழில் செய்தி அனுப்ப வேண்டும். இவற்றை ஐபோனும் செய்யும், சாம்சங்கும் செய்யும். பத்தாயிரம் ரூபாய் போனும் செய்யும். பட்டன் போனில்கூட யுபிஐ பணம் அனுப்ப வழி வந்திருக்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். 80,000 ரூபாய் என்பது அந்த அம்மாவின் ஐந்து மாத உழைப்பு. 24 மாதத் தவணை என்றால், வட்டி இல்லாமலே மாதம் 3,333 ரூபாய். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டு வருடம் கட்ட வேண்டும்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்குமா? எத்தனை வருடம் மென்பொருள் தருவார்கள்? கெட்டுப்போனால் பக்கத்தில் பழுது பார்க்கும் இடம் உண்டா?

எந்தப் போன் உசத்தி என்று பிள்ளைகள் வாதாடட்டும். எது நமக்குத் தேவை என்பதை நாம் கணக்குப் பார்த்து முடிவு செய்வோம்.