முட்டியை ஏன் இன்னும் தொடவில்லை?

சென்னை சி.டி.எச். ரோட்டில் லாரி மோதி வயிறு, தொடை, முட்டி மூன்றிலும் அடி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவரும் உறவினர்களின் சந்தேகங்கள் இவை.

மூன்று நாளாகிறது. வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. முட்டிக்கு வெளியே கம்பி மட்டும்தான் மாட்டியிருக்கிறார்கள். காலைக் கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. நிறைய ரத்தம் போன உடம்பு சில்லிட்டிருக்கும், ரத்தம் உறையாது. அந்த நிலையில் பல மணி நேர முட்டி ஆபரேஷன் உயிருக்கே வினையாகலாம். அதனால் முதலில் ரத்தக்கசிவை நிறுத்தி, புண்ணைக் கழுவி, வெளிக்கம்பியால் எலும்பை அசையாமல் பிடித்து வைப்பார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தபின்தான் பிளேட். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அவசரப்பட்டுக் கீறினால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும்.

அப்படியென்றால் எதற்குமே அவசரமில்லையா?

ரத்தக்குழாய்க்கு உண்டு. முட்டி விலகும்போது அதன் பின்னால் ஓடும் தமனி கிழியலாம். விலகிய முட்டி தானாகவே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு; எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஆகவே பாதத்தைப் பாருங்கள். சில்லிட்டு, வெளுத்து, மரத்துப் போயிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தம் கையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இறங்கினால் ஆஞ்சியோ ஸ்கேன் எடுப்பார்கள். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். எட்டைத் தாண்டினால் காலை இழக்கும் ஆபத்து மிக அதிகம். மதுரவாயல் நெரிசலில் போகும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

புத்தூர் கட்டு போடலாமா?

வேண்டவே வேண்டாம். சுளுக்குக்குப் போகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. லாரி அடித்து வீங்கிய காலை இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறித் தசை செத்துப்போகும்.

ஜவ்வு கிழிந்திருக்கிறதாமே?

உடம்பு தேறினால் இரண்டு மூன்று வாரத்தில் சரிசெய்யலாம். தலையில் அடி இருந்தால் தள்ளிப்போகும்.

காலை எடுக்கச் சொல்வது ஒரு டாக்டரின் யூகமா?

முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய உடைந்த கால்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு வகுத்த மதிப்பெண் முறை 2006-இல் வெளியானது. தோல், எலும்பு, தசை மூன்றோடு உடம்பின் மற்ற பாதிப்புகளையும் எடைபோடும் முறை அது. 14 வரை காப்பாற்றப் பார்க்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 வந்தால் மருத்துவரின் அனுபவம்தான் தீர்ப்பு. ஸ்கோர் எத்தனை என்று தயங்காமல் கேளுங்கள்.

செலவு?

2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. முட்டிக்கு பிளேட் வைப்பதோ அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு. தனியாரில் சேர்த்திருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இரண்டாம் நாளே எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிடுங்கள்.