ஆயுதபூசை விடுமுறையில் மலைக்கு

திருப்பூரில் மலைக்குப் போகும் நாளைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மற்ற ஊர்க்காரர்கள் ஊட்டிக்குக் கிளம்பும் கோடையில் இங்கே மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். பொங்கலை விட்டால், அவை சேர்ந்தாற்போல் நிற்பது புரட்டாசிக் கடைசியையொட்டி வரும் ஆயுதபூசைக்கும் ஐப்பசியின் தீபாவளிக்கும்தான். அதனால் பனியன் தொழிலாளியின் மலைப்பயணம் பெரும்பாலும் மழையும் குளிரும் கலந்த நாட்களிலேயே அமைந்தது.

எண்பதுகளில் அதற்கான ஏற்பாடு ஆடி மாதமே தொடங்கிவிடும். சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை பணம் கைக்கு வந்ததும் டூர் சீட்டுக்கு ஒரு சிறு தொகை போகும். கட்டிங் மாஸ்டரோ மூத்த டெய்லர் ஒருவரோ அதை நோட்டில் வரவு வைப்பார். ஊட்டியா, வால்பாறையா, கொடைக்கானலா என்ற பேச்சு டீ நேரங்களில் வாரக்கணக்கில் நடக்கும். போன வருடம் போய் வந்தவர் சொல்வதே வழிகாட்டி. எந்தக் கடையில் சாப்பாடு நன்றாயிருக்கும், எங்கே வண்டி நிறுத்தலாம், வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்காத யாரை முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தன. பல குழுக்கள் அறையே எடுப்பதில்லை. இரவு வேனில் ஏறினால் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம், விடியும்போது கல்லாறு, வெயில் ஏறும்போது ஊட்டி, அன்றிரவே திரும்பல். பாத்திரத்தில் கட்டுச்சோறு, கழுத்தில் கடன் வாங்கிய மப்ளர், ஒரு கேமராவில் 36 படங்களுக்கான ஒரே ரோல்.

இன்று அதே பயணத்தை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போனிலேயே முடிவு செய்துவிடலாம். அறையின் படம், வாடகை, தங்கியவர்களின் கருத்து, போகும் வழி எல்லாம் திரையில் இருக்கின்றன. ஐம்பது பேரின் சம்மதம் தேவையில்லை. நான்கு பேரும் ஒரு காரும் போதும். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, முக்கியமாகப் பெண்களை நினைக்கும்போது. அன்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த இளம்பெண் டூருக்குப் பெயர் கொடுக்க வேண்டுமென்றால், வயதான ஒரு அக்கா கூட வருகிறாரா என்று வீட்டில் கேட்பார்கள். இன்று அவள் மகள் தன் தோழிகளோடு தானே நாள் குறித்து, தானே பணம் கட்டிப் போய் வருகிறாள்.

உடையும் மாறிவிட்டது. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு எழுபதுகளின் கடைசியில் இத்தாலியிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. 2024-25இல் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. அன்று குளிருக்கு ஊட்டியில் திபெத்தியர் விற்ற ஸ்வெட்டரை விலை பேசி வாங்கியவர்களின் பிள்ளைகள், இன்று ஐரோப்பியக் குளிருக்காக இங்கேயே தைத்த பிளீஸ் ஹூடியைக் காதர்பேட்டை கடைகளில் எடுத்துப் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள்.

மலை ரயில் மட்டும் பெரிதாக மாறவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் போடப்பட்ட அதே 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். ஏறுவதற்கு இன்றும் ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. டிக்கெட் கிடைக்கும் விதம்தான் வேறு. முன்பு விடியுமுன் வரிசையில் நின்றவருக்கு இடம் கிடைத்தது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த ரயிலுக்கு, இன்று விடுமுறை நாட்களின் இடங்கள் வெகு முன்பே இணையத்தில் தீர்ந்துவிடுகின்றன.

மழை விஷயத்தில் இன்றைய நிலையே மேல். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில், அன்று கல்லாறு வரை போன பிறகுதான் மேலே மண் சரிந்திருப்பது தெரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. மலை ரயில் ரத்தானாலும் வீட்டிலிருந்தே அறியலாம்.

ஆனால் மலை அன்றைக்குப் போல எல்லோருக்கும் கதவு திறந்து வைத்திருக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஒரு வேனில் நெருக்கி உட்கார்ந்து போன கூட்டம் பத்துக் கார்களாகப் பிரிந்து போனால், அந்தச் சாலைகள் என்ன செய்யும்? இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கூட்டமும் பிரிந்துதான் போயிற்று. பவர் டேபிள் தையல் மிஷின்களின் ஒரு வரிசையில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தீபாவளி விடுமுறை அவர்களுக்கு ஊருக்குப் போகும் காலம். அவர்கள் திட்டமிடுவது, 60 நாட்களுக்கு முன் திறக்கும் ரயில் முன்பதிவுக்காக. உள்ளூர்க்காரர்கள் தத்தம் குடும்பத்தோடு போகிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர் வருமா, போனஸ் எவ்வளவு வரும் என்ற கவலை ஒரு வரிசையில் இருந்த எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. விடுமுறை மட்டும் ஒன்றாக இல்லை. டூர் சீட்டு நோட்டில் ஹெல்பர் பையன் பெயரும் மாஸ்டர் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தன. அப்படிச் சேர்ந்து போனதை இழந்ததற்கு எந்த வசதியும் ஈடாகவில்லை.

இந்த ஐப்பசியில் போக நினைப்பவர்கள் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் வரிசையில் இருப்பவர்களையும், ஊருக்குப் போகாத வடமாநிலத் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறுங்கள். அதில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.