பனியில் கேட்ட கேள்வி

ஊருக்கு வெளியே, உறைபனி மேல் வெறுங்காலுடன் நிற்கிறார் ஒரு கிழவர். விரல்கள் விறைத்துவிட்டன; ஆனாலும் வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. தட்டு காலி. கேட்க ஆளில்லை. நாய்கள்தான் உறுமுகின்றன.

வியன்னாவின் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1827-ல் இசையமைத்த 'விண்டர்ரைசே' (குளிர்காலப் பயணம்) இந்தக் காட்சியோடு முடிகிறது. காதலில் தோற்று இரவோடிரவாக ஊரைவிட்டுக் கிளம்பிய இளைஞன், 23 பாடல்கள் தனியாக நடந்து தீர்த்த பிறகு பேச்சுக் கொடுக்கும் ஒரே வழிப்போக்கர் இவர். தானும் கூட வரலாமா, தன் பாட்டுகளுக்கு அவர் வாசிப்பாரா என்று கேட்கிறான். பதில் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதிலைத் தந்திருப்பவர் ஆஸ்திரிய இசைக்கலைஞர் மத்தியாஸ் லோய்ப்னர். கிழவர் கையில் இருந்த அதே ஹர்டி-கர்டிதான் இவருடைய வாத்தியமும். போஸ்னியாவில் பிறந்த பாடகி நடாஷா மிர்கோவிச்சுடன் இவர் 2010-ல் வெளியிட்ட சி.டி.யில், ஷூபர்ட் எழுதிய பியானோ இல்லை. பக்கவாத்தியம் ஹர்டி-கர்டி மட்டுமே.

பெட்டி போன்ற உடல். உள்ளே ஒரு மரச் சக்கரம். வலது கை கைப்பிடியைச் சுற்ற, பிசின் தடவிய சக்கரம் வில்லைப்போலத் தந்திகளை உரசுகிறது. இடது கை கட்டைகளை அழுத்தி ராகம் வாசிக்கிறது. மற்ற தந்திகள் தம்புரா போல விடாமல் சுருதி கூட்டுகின்றன.

ஒரு காலத்தில் இதற்கு இருந்த மதிப்பே வேறு. ஸ்பெயினின் சான்டியாகோ பேராலயத்தில், 1188-ம் ஆண்டைச் சேர்ந்த வாயிற்சிற்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து இதன் மூதாதையை வாசிக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டு பிரான்சில் பிரபுக்கள் வீட்டு நாகரிகமாகவும் இருந்தது. ஷூபர்ட் காலத்து வியன்னாவில் அது தெருவுக்கு வந்து, பிச்சைக்காரர்களின் பிழைப்பாகிவிட்டது.

ஷூபர்ட்டுக்கு அதன் ஓசை நன்றாகவே தெரியும். கடைசிப் பாடலில் பியானோவின் இடது கை, ஆரம்பம் முதல் முடிவு வரை ஸட்ஜ பஞ்சமத்தை மட்டுமே திரும்பத் திரும்பத் தட்டுகிறது. தெருவின் சுருதியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார் அவர். நண்பர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. இத்தனை இருட்டா என்று திகைத்தார்கள். அவர்களில் ஒருவர் தனக்குப் பிடித்தது 'எலுமிச்சை' என்று நாம் தவறாகப் படித்துவிடக்கூடிய 'லிண்டன்' மரத்தைப் பற்றிய பாட்டு மட்டுமே என்றார். ஷூபர்ட்டோ தன் மற்ற பாடல்களைவிட இவையே தனக்குப் பிடித்தவை என்றார். கவிதைகளை எழுதிய வில்ஹெல்ம் முல்லர் 1827-ல், 32 வயதில் இறந்தார். ஷூபர்ட் 1828 நவம்பரில், 31 வயதில். இரண்டாம் பகுதியின் அச்சுப்படியை மரணப் படுக்கையில் திருத்திக்கொண்டிருந்தார்.

நண்பருக்குப் பிடித்த அந்த லிண்டன் பாட்டு பின்னால் ஃபிரீட்ரிஷ் சில்ஹர் எளிமையாக்கிய மெட்டில் ஊரெங்கும் பரவியது. யார் எழுதியது என்று தெரியாமலே ஜெர்மானியர்கள் நாட்டுப்பாடலாகப் பாடினார்கள். கிழவரின் பாட்டுக்கு அந்த யோகம் இல்லை. அது கச்சேரி மேடையிலேயே தங்கிவிட்டது.

லோய்ப்னர் செய்திருப்பது அதை வந்த இடத்துக்கே திருப்பித் தரும் வேலை. இதில் இழப்பும் உண்டு. பியானோவின் அடர்த்தியான சுரக்கூட்டங்கள் மெலிந்துவிடுகின்றன. ஆனால் பியானோவில் தட்டிய சுரம் உடனே தேயத் தொடங்கும். சக்கரம் சுழலும்வரை ஹர்டி-கர்டியின் ஓசை ஓயாது. உரசலும் கரகரப்பும் பனிக்காற்றையே கொண்டுவருகின்றன. முதல் பாட்டிலிருந்தே கிழவர் இளைஞனின் பின்னால் நடந்துவருவது போலத் தோன்றுகிறது.

பாட்டுகளுக்கு வாசிப்பாரா என்பதுதானே கேள்வி? 24-ம் பாடலில் அது எழும்போது, வாத்தியம் ஏற்கெனவே 23 பாடல்களுக்கு வாசித்து முடித்திருக்கிறது.