கஜாவுக்குப் பிறகு: நிவாரணக் கொடை எங்கே, எப்போது உதவுகிறது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. புயல் நிவாரணத்துக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கட்டத்தில் யாருக்கு உதவுகிறது என்பதை அந்தத் தோப்புகளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கடலோரப் புயல் நமக்குத் தொலைவு என்று தோன்றலாம்: விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வானம் பார்த்த பூமி. ஆனாலும் இங்கே கண்மாய் நிறைவதும் குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகாத ஆண்டில் மானாவாரிப் பயிர் கருகும். இங்கே மழையாக இறங்குகிற அதே புயல் சின்னம் கடலோரத்தில் கூரையைப் பிய்த்துப் போடலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியும் இந்த ஊர்களும் அன்று ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-இல்தான்.

புயல் அடித்த முதல் வாரத் தேவை எல்லோருக்கும் தெரியும்: குடிநீர், அரிசி, தார்ப்பாய், மருந்து, விளக்கு. கேட்டறிந்து அனுப்பினால் அவை உயிர் காக்கும். பழைய துணியை மூட்டை கட்டி அனுப்புவது அப்படியல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரச் சாலைகளில் யாருக்கும் உதவாத துணி குவிந்து கிடந்தது. 1999-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு அதைச் சேகரித்துத் தரம் பிரித்து மறுபயனுக்குக் கொண்டுவந்தது. அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தைச் சுத்தம் செய்யவே ஓர் அமைப்பு உழைக்க வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது.

நீண்ட வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. விழுந்த தென்னையை அப்படியே விட முடியாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நிற்கும் மரங்களையும் தாக்கும். ஆகவே அறுத்து அப்புறப்படுத்த இயந்திரமும் கூலியும் வேண்டும். அடுத்தது கன்று. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஊடுபயிரோ ஆடுமாடோதான் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். தமிழக அரசு விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. அந்தத் தொகை மரத்துக்கு உரியவருக்கானது. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கயிறு திரித்தவர் ஆகியோருக்கு மரம் சொந்தமில்லை. வேலை போனது அவர்களுக்கும்தான், கடன் தவணையும் நிற்பதில்லை. குத்தகை நிலத்தில் பயிர் கருகினால் இழப்பீடு யார் கைக்குப் போகும் என்று அறிந்த மானாவாரி விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அரசுப் பட்டியலில் விடுபடும் இவர்களைத் தேடிப் போவதுதான் தொண்டு நிறுவனத்தின் முதல் கடமை.

அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, புயலுக்கு முன்பே அந்த ஊரில் அதற்கு ஆட்கள் இருந்தார்களா என்று பார்ப்பது நல்லது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997-இல் தொடங்கிய தானம் அறக்கட்டளை ஓர் எடுத்துக்காட்டு. களஞ்சியம் மகளிர் குழுக்கள், வயலகம் என்னும் கண்மாய் விவசாயிகள் சங்கங்கள் வழியாக அது பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. இத்தகைய குழுவுக்கு எந்த வீட்டில் யார் வேலை இழந்தார் என்பது பெயரோடு தெரியும். பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் கேட்டால் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் குறியீட்டுக்கு விசாரிக்காமல் பணம் அனுப்பக் கூடாது. பணம் தனிநபர் கணக்குக்கு அல்ல, நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும்.

நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும், பதிவுபெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் பாதிக்கும் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ பொருளாகக் கொடுத்தாலோ கிடையாது.

செய்தி ஓய்ந்ததும் நன்கொடையும் குறைந்துவிடும். கொடுக்க நினைக்கும் தொகையில் பாதியை நிறுத்திவைத்து, ஆறு மாதம் கழித்து அதே நிறுவனத்திடம் இன்னும் என்ன தேவை என்று விசாரித்துக் கொடுக்கலாம். கார்த்திகைப் புயலுக்கு அப்படிக் கொடுத்தால், ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் தோப்புக் கூலியாட்களின் பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேரும்.