பழைய பிக்கப்பும் புது டிரைவரும்

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நம்ம காலேஜில் பைக் கோஷ்டி ஒரு பக்கம், பஸ் பாஸ் கோஷ்டி ஒரு பக்கம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது கோஷ்டி ஒன்று உண்டு. வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் நிற்கும். காய்கறி, தண்ணீர் கேன், செங்கல், மாட்டுத் தீவனம் என்று ஏதாவது ஒன்று ஏற்றுவார்கள். லீவு விட்டால் சாவி நம்ம கைக்கு வந்துவிடும். சாவி வந்த மறுநாளே, "மச்சான், வண்டியை என்னடா பண்ணப்போற? டயரைப் பெருசா மாத்து, லைட்டைப் போடு"ன்னு ஆலோசனை சொல்ல ஆள் வந்துவிடுவார்கள். அந்த மூன்றாவது கோஷ்டிக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களும் படிக்கலாம், வைவாவில் உதவும்!

முதலில் வயசு. 18 முடிந்தால் கார் ஓட்ட லைசென்ஸ் கிடைத்துவிடும். ஆனால் சரக்கு வண்டியை ரோட்டில் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் (1988, பிரிவு 4). மஞ்சள் போர்டு பிக்கப் அதில்தான் சேரும். முதலாமாண்டுத் தம்பிகள் இதைக் கவனிக்கணும். சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதுமா என்று கேட்டால், போதும். 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. நான் ஐ.டி.ஐ. முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவன், அதனால் 20 எப்போதோ தாண்டிவிட்டது.

எங்க வண்டி 2014 மாடல் பொலிரோ பிக்கப். 2,523 சிசி, நாலு சிலிண்டர் டீசல். அப்பா இரண்டாவது கையாக வாங்கியது. பாச்சலூர் பக்கமிருந்து மலைவாழைத் தாரும் சௌசௌ மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஏறும்போது காலி, இறங்கும்போது லோடு. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கட்டுரை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

ரெண்டு பிளேட் ஏத்திடலாமா?

பழைய பிக்கப் வாங்கியதும் எல்லோரும் சொல்கிற முதல் யோசனை இது. பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டால் வண்டி உட்காராது, இன்னும் அரை டன் ஏற்றலாம் என்பார்கள். பார்வைக்கும் பின்பக்கம் தூக்கலாக, கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங் பிளேட் வேலையைச் சுமை தாங்குவது என்று மட்டும் நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி. அதற்குப் பேர் எல்.எஸ்.பி.வி. லோடு எவ்வளவு என்று பார்த்து பின் பிரேக்குக்குப் போகிற பிரஷரைக் கூட்டிக் குறைக்கிற வால்வு. காலி வண்டியில் பின்பக்கம் லேசு. அப்போது முழுப் பிரஷர் போனால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிக்கொள்ளும், அதனால் வால்வு குறைத்து விடும். லோடு ஏறினால் சேசிஸ் இறங்கும், கம்பி நகரும், வால்வு கூடுதல் பிரஷரை விடும். அந்த வால்வுக்குக் கிலோ கணக்கு தெரியாது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு.

இப்போது நம்ம டிசைன் பாடத்துக்கு வாங்க. அகலமும் தடிமனும் ஒன்றாக இருந்தால் லீஃப் ஸ்பிரிங்கின் விறைப்பு பிளேட் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும். ஐந்து பிளேட் செட்டில் இரண்டு கூட்டினால் ஏழு. விறைப்பு 1.4 மடங்கு. முன்பு 1,250 கிலோவுக்கு அமுங்கிய அளவில் இப்போது ஏழில் ஐந்து பங்குதான் அமுங்கும். அதாவது தொட்டியில் 1,250 கிலோ இருக்கும்போது வால்வின் கண்ணுக்கு ஏறக்குறைய 890 கிலோதான் தெரியும்! மேல் பிளேட்டின் வளைவால் வண்டி உயர்ந்துவிட்டால் அதுவும் தெரியாது. பின் பிரேக் சோம்பேறி ஆகிவிடும். மொத்த வேலையும் முன் டிஸ்க் தலையில். நிற்கிற தூரம் கூடும், அதுவும் லோடோடு இறங்கும்போது.

கம்பியைத் திருப்பி அட்ஜஸ்ட் செய்துவிட்டால் சரியாகாதா? பாதிதான் சரியாகும். விறைப்பே மாறிவிட்டதால், ஒரு லோடுக்குச் சரியாக வைத்தால் இன்னொரு லோடுக்குத் தப்பும். சில பட்டறையில் தொல்லையே வேண்டாம் என்று கம்பியைக் கட்டுக்கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். லோடில் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். மழை நாளில் காலி வண்டியோடு போய் ஒரு அவசர பிரேக் போடும்போது தெரியும் சேதி.

எங்க வீட்டில் இது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. "பக்கத்து வண்டிக்காரன் ஒரு நடைக்கு ரெண்டு டன் ஏத்துறான். நம்ம வண்டி மட்டும் என்ன பூவாடா?" என்றார் அப்பா. பேப்பரில் 5/7 போட்டுக் காட்டினேன். "நீ படிச்சதெல்லாம் சரிதான் தம்பி, டியூ கட்டுறது யாரு?" அந்தக் கேள்விக்கு நம்ம சிலபஸில் பதில் கிடையாது. அப்புறம் அவரையே கூப்பிட்டு அடியில் படுக்க வைத்து, மேலே தொட்டியில் மூட்டை ஏற ஏற கம்பி நகர்வதைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000 என்பதையும் சொன்னேன். எது வேலை செய்தது என்று தெரியாது! பிளேட் ஏற்றவில்லை. விரிசல் விட்டிருந்த மெயின் பிளேட்டையும் தேய்ந்த புஷ்களையும் மட்டும் புதிதாக மாற்றினோம். வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. சீசன் நேரத்தில் ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை. இரண்டாவது நடையின் வாடகையில் பெரும்பகுதி டீசலுக்கே போய்விடுகிறது என்பது உண்மை. அப்பா இன்னும் மாதம் ஒரு தடவை அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை.

பிரேக் ஆயிலும் பத்து லிட்டர் வெந்நீரும்

லோடோடு சேர்த்து வண்டி சுமார் 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கிற ஆற்றல் ஏறக்குறைய 29 லட்சம் ஜூல். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வண்டி வேகம் எடுக்காமல் இறங்கணும்னா இவ்வளவு சூட்டையும் எங்காவது கழித்தாக வேண்டும். காற்றும் உருளும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்கணும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கணும்.

பிரேக் வாங்கினால் பேட் சூடாகும், கேலிப்பர் சூடாகும், உள்ளே இருக்கிற பிரேக் ஆயிலும் சூடாகும். இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அதற்கு விதித்திருக்கும் அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230-ம் 155-ம். ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவி. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால்...

அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுக்கணும். குறைந்ததற்கு மேலே ஊற்றுவதைச் சொல்லவில்லை, பழசை வெளியே தள்ளுவதைச் சொல்கிறேன். பழைய வண்டி வாங்கியவர்கள் முந்தைய ஓனர் மாற்றினாரா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றியிருக்க மாட்டார்.

இறங்கும்போது எந்த கியர்? அதே ஏற்றத்தை லோடோடு ஏற எந்த கியர் தேவையோ அதே கியர். பழைய ஆட்கள் சொன்னதுதான், இன்றும் மாற்றமில்லை. நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் கட் ஆகிவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும்!

இன்ஜினையே ஆஃப் செய்து இறக்குகிற மகா தைரியசாலிகளும் உண்டு. டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் தானாக வராது, தனி பம்ப் வேணும். பல டீசல் பிக்கப்புகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், இரண்டு மூன்று அமுக்கில் பூஸ்டர் காலி. பிறகு பெடல் கல்லு மாதிரி. இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் எரிவது சார்ஜ் லைட்தான், ஆனால் கூடவே போவது பிரேக் உதவி. "பேட்டரி லைட்டுதானே, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்று மலையில் நினைக்கக் கூடாது. ஸ்பேர் பெல்ட் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

லைட், ஹாரன், பம்பர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரும்புக் குழாய் பம்பர் வேண்டாம், அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை போகும், ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் உள்ளதை விடக் குறைவாகக் காட்டும், பிரேக்குக்கும் வேலை கூடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயர் வயசான டயர்தான்.

ஹெட்லைட்டுக்கு மட்டும் ஒரு நல்ல மாற்றம் உண்டு. பழைய வண்டியில் ஸ்விட்ச் வழியாகவே முழுக் கரண்டும் போய், கொஞ்சம் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 100 வாட் பல்பு போட்டால் இன்னும் மோசம். பல்பு ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல் இழுத்து வயர் உருகும், எதிரே வருகிறவருக்குக் கண்ணும் போகும். அதற்குப் பதில் கம்பெனி சொன்ன 60/55 வாட் பல்பே இருக்கட்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்து நேர் வயர் இழுங்கள். எலெக்ட்ரிகல் லேபில் கற்றதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நான் செய்தது இது ஒன்றுதான். அப்பா வாயிலிருந்து "பரவாயில்லையே" என்று வந்த ஒரே வேலையும் இதுதான்!

வாராவாரம் பார்க்க வேண்டியவை: டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரைத் திறந்து விடுவது, பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது (சீல் போனால் லைனர் நனைந்துவிடும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்), சேசிஸில் ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் விரிசல் தேடுவது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும்போது நாலு முனையிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கணும். ஒரு முனையில் வரவில்லை என்றால் அந்த பேரிங் காய்ந்துகொண்டிருக்கிறது, கழற்றிவிடுங்கள். கிரீஸ் கன் இல்லாதவர்கள் என்னிடம் கேட்கலாம். துடைத்துத் திருப்பிக் கொடுத்துடணும், அவ்வளவுதான்!