ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று செம்பனைக் காட்டை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஸ்டோர் பொறுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பெரிய சோதனை எது தெரியுமா? சின்னஞ்சிறு போல்ட்டும் நட்டும்தான்! "இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். முகத்தில் களை இல்லை.

"சார், எட்டு மில்லி என்று ஐயாயிரம் போல்ட் வரவழைத்துவிட்டேன். நட்டில் இரண்டு சுற்று ஏறுகிறது, பிறகு இறுகிவிடுகிறது. வேலை போய்விடுமோ என்று அம்மா அழுகிறார்" என்றான்.

பழைய போல்ட் ஒன்றையும் புதியது ஒன்றையும் மேசைமேல் வைத்தான். பள்ளி அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். இரண்டுமே எட்டு மில்லிமீட்டர்தான்!

"தம்பி, நீங்கள் செய்யும் சாமான் எந்த நாட்டுக்குப் போகிறது?"

"அமெரிக்காவுக்கு, சார்."

விஷயம் விளங்கிவிட்டது. அமெரிக்காவில் அங்குல அளவு இன்னும் புழங்குகிறது. பழைய போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். அடிக்கோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெர்னியர் காலிப்பரை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். எட்டு மில்லி போல்ட்டே எட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் வழி? மரையை எண்ண வேண்டும். ஒரு மரை முகட்டிலிருந்து பதினோராவது முகடு வரை அளந்தால் பத்து இடைவெளி. 'எம் 8' சாதாரண மரையில் அது 12.5 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 18 மரையுள்ள 5/16 போல்ட்டில் 14.1 மில்லிமீட்டர். அதே அடிக்கோல் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டது!

ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறாக இருந்தது. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த் 55 பாகைக் கோணத்தில் ஒரே ஒழுங்கை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில் வேறோர் ஒழுங்கை முன்வைத்தார். பின்னர் மெட்ரிக் மரையும் சேர்ந்தது. ஆகவே, எந்த முறை என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஆர்டர் எழுதும்போது இவற்றை விடாதீர்கள்: தலையின் வடிவம், விட்டம், மரை இடைவெளி, நீளம், வலிமை எண், பூச்சு, எண்ணிக்கை. அறுகோணத் தலை போல்ட்டின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். பலகையோடு பதிந்துவிடும் தட்டைத் தலை ஸ்குருவைத் தலையோடு சேர்த்து அளக்க வேண்டும்.

வலிமை எண்ணில் அலட்சியம் ஆபத்து. தலையில் 8.8 என்றிருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறுந்துபோகாது. அதில் 80 விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாது என்பது பொருள். 4.6 என்றால் அறுபடும் அளவு அதில் பாதிதான். மரை சரியாகப் பொருந்தினாலும், இடம் மாறிப் போட்டால் ஒருவர் கையோ காலோ போகலாம்.

பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மாணவனுக்குக் கண்டிப்போடு போயிற்று, வேலை தப்பியது. இப்போது மாதிரி போல்ட் ஒன்றை அளந்து, நட்டையும் போட்டுப் பார்த்த பிறகே ஆர்டர் எழுதுகிறானாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை அடிக்கோலைப் பிடித்து வீட்டுச் சாமான்களை அளந்து விளையாடினால் அதட்டாதீர்கள். நாளை அவனுக்குச் சோறு போடும் படிப்பு அதுவாகவும் இருக்கலாம்.